கூடையில் மாப்பிள்ளை பெயர்

மேடவாக்கம்
3 மார்ச் 2025

மாமாவுக்கு,

வினிதா எழுதுகிறேன். என் பழைய எண்ணுக்கு இனிமேல் அழைக்காதீர்கள், நேற்றோடு அது இல்லை. புது எண்ணை யாருக்கும் தரப் போவதில்லை. உங்களுக்கும் இல்லை. எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற உங்களுக்குத் தபால் போடுவது அதனால்தான்.

வினோத்குமாரை விட்டு வந்து இரண்டு மாதம் ஆகிறது. இந்த இரண்டு மாதத்தில் நான் என் தோழி கிறிஸ்டியோடு இந்த ஃபிளாட்டில் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. என் அம்மாவுக்கே தெரியாது. மீன் குழம்பு அனுப்ப வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாகக் கேட்டதால் உங்கள் ஒருவருக்குத்தான் முகவரி சொன்னேன்.

வெள்ளிக்கிழமை உங்கள் குழம்பு வந்தது. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அவர் வாசலில் நின்றார். கிறிஸ்டி கதவைத் திறந்துவிட்டாள். அவர் கத்தவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, “மீன் நல்லா இருந்துச்சா?” என்று கேட்டார்.

கிறிஸ்டியின் அண்ணன் வந்து எழுப்பி அனுப்பும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றேன்.

நீங்கள் சொன்னீர்களா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுதுங்கள். கதை வேண்டாம். நேரில் வரவும் வேண்டாம். நாளையோடு இந்த வீட்டையும் காலி செய்கிறேன். சேலையூர் கேம்ப் ரோட்டில் ரத்தினபாய் தையல் கடை என்று போட்டு அனுப்பினால் எனக்குக் கிடைக்கும்.

வினிதா

*

சிட்லபாக்கம்
6 மார்ச் 2025

என் அக்கா மகள் வினிதாவுக்கு உன் தாய்மாமன் ஏகநாதன் எழுதுவது. இங்கே நான், உன் அத்தை அங்காளம்மாள், புதிதாகப் போட்ட போர் மோட்டார் மூவரும் சுகம். உன் சுகத்தை உன் கடிதத்தில் தேடினேன், காணவில்லை.

இல்லை.

கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன். இனி கதை. வேண்டாம் என்று நீ சொன்னாலும் நடந்ததை நடந்தபடி சொல்வது என் கடமை.

அந்த மீன் சாதாரண மீன் இல்லை. கானாத்தூர் துலுக்காணம் விடியற்காலையில் கரைக்குக் கொண்டுவந்த வஞ்சிரம். ஆள் உயரம். ஒரு மந்திரி வீட்டுக்குப் போக வேண்டியது. “ஏகநாதன் அண்ணா கேட்டா மந்திரியாவது மண்ணாவது” என்று வெட்டிக் கொடுத்துவிட்டான். குழம்பு வைத்தது உன் அத்தை, புளி கரைத்தது நான். தூக்குச்சட்டியில் போட்டு முழுக்கூடையில் அனுப்பினேன்.

முழுக்கூடை பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். முன்பெல்லாம் என் கைப்பேசியில் கேஸுக்கு ஒன்று, கரண்ட் பில்லுக்கு ஒன்று, ஆட்டோவுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று என்று பதினாறு ஆப் இருந்தன. இப்போது முழுக்கூடை ஆப் ஒன்றே ஒன்று. நம் பதினோரு வீட்டு வாடகையும் அதில்தான் வருகிறது. ஜல்லி லோடு அதில்தான் புக் ஆகிறது. அத்தையின் இன்சுலின் ஐஸ் பெட்டியோடு அதில்தான் வாசலுக்கு வருகிறது. போன மாதம் பெங்களூரிலிருந்து அதன் மேனேஜரே போன் போட்டு, “சார், தென் சென்னையில எங்க ஆப்ப முழுசா யூஸ் பண்றது நீங்க ஒருத்தர்தான்” என்றான். நான் ஒன்பதாவது வரை படித்தவன் என்றதும் அவனுக்கு நம்பிக்கையே வரவில்லை.

அதிலே குடும்பக் கூடை என்று ஒன்று வைத்திருக்கிறேன். பத்துப் பேரைச் சேர்த்தால் தங்க அட்டை. நம் ஜனம் பத்துப் பேரும் அதில் இருக்கிறார்கள். யார் எது வாங்கினாலும், எங்கே போய்ச் சேர்ந்தாலும், எல்லோர் கைப்பேசியிலும் ஒரு மணி அடிக்கும். போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சியாக வாசல் கதவைப் படம் பிடித்துப் போடுவார்கள். அவ்வளவு நாணயம். உன் கல்யாணத்தன்று, தாலி கட்டி அரை மணி நேரத்தில், மாப்பிள்ளை பெயரை என் பெயருக்கு அடுத்து ஏற்றினேன். உன் அத்தை பெயரே மூன்றாவதுதான். மாப்பிள்ளைக்கு முதல் மரியாதை செய்யாதவன் என்ன தாய்மாமன்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளையே போன் செய்தார். “மாமா, மீன் போய்ச் சேந்துடுச்சு போலகீதே. கதவுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிகீறாங்க” என்றார். பிரிந்திருந்தாலும் பார், எவ்வளவு அக்கறை. நான் உன் முகவரியில் ஓர் எழுத்துக்கூட அவரிடம் விடவில்லை. அத்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன், அவளும் பக்கத்தில்தான் இருக்கிறாள்.

கிறிஸ்டிப் பெண் யாரிடமாவது உளறியிருப்பாள். விசாரி.

உன் மாமா
ஏகநாதன்

*

ரத்தினபாய் தையல் கடை, சேலையூர்
8 மார்ச் 2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். கதவுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருப்பது வினோத்குமாருக்கு எப்படித் தெரிந்தது?

கிறிஸ்டி யாரிடமும் உளறவில்லை. நீங்களும் வாயால் சொல்லவில்லை, அதை நம்புகிறேன். உங்கள் கூடை சொன்னது. மணி உங்களுக்கு அடித்தபோது அவருக்கும் அடித்தது. முகவரி, வாசல் கதவு, கதவெண் எல்லாம் அவர் கைக்குப் போயின. இரண்டு மாதம் அவர் தேடிக் கிடைக்காதது ஒரு தூக்குச்சட்டிக்குப் பின்னாலேயே வந்துவிட்டது.

அது மட்டுமில்லை. பத்துப் பேரின் கைப்பேசியும் எங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடம் இருக்குமே, அதில் நீங்களும் ஒரு புள்ளி. கிளம்பி வந்த அன்றே நான் அந்தக் கூடையிலிருந்து விலகிவிட்டேன், நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள். என்னைப் பார்க்க நீங்கள் பைக்கை எடுத்தால் அந்தப் புள்ளி என் வீட்டு வாசலில் வந்து நிற்கும். நேரில் வர வேண்டாம் என்றது அதற்காகத்தான்.

உங்களிடம் “ஒத்துவரவில்லை” என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். இப்போது சொல்கிறேன். பெருங்களத்தூர் வீட்டில் இருந்தபோதும் இதுதான் நடந்தது. ஆபீஸ் கேபில் எத்தனை மணிக்கு ஏறினேன், எங்கே இறங்கினேன், எந்த மருந்துக் கடையில் என்ன வாங்கினேன் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். ஒருநாள் தாம்பரத்தில் இறங்கிப் பூ வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். யாரைப் பார்த்தாய் என்று விடியும் வரை கேட்டார். நவம்பரில் மூன்று நாள் என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனார். சாப்பாடு அதே கூடையில்தான் வந்தது. ஜன்னல் கம்பி வழியாக வாங்கிக்கொண்டேன். உங்களுக்கும் மணி அடித்திருக்கும் மாமா. நவம்பர் 18, 19, 20. சாம்பார் சாதம்.

எனக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். அவர் பெயரைக் கூடையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வினிதா

*

சிட்லபாக்கம்
15 மார்ச் 2025

வினிதா கண்ணு,

பூட்டினான் என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். நவம்பரை எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. மூன்று மணியையும் நான் பார்த்திருக்கிறேன். “மாப்பிள்ளை பொண்டாட்டியை அடுப்படிக்கே விடாம தாங்குறாரு” என்று உன் அத்தையிடம் நான்தான் சொன்னேன். அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் வருகிறது.

இனி அவன் எனக்கு மாப்பிள்ளை இல்லை. நேற்று ராத்திரியே அரிவாளை எடுத்துக்கொண்டு பெருங்களத்தூர் வரை போய், பாலத்தடியில் போலீஸ் நின்றதால் திரும்பினேன். (போகவில்லை. போவதாக இருந்தேன்.)

ஆனால் பெயரை எடுப்பது என்கிறாயே, அதில்தான் ஒரு சங்கடம். நம் ஜனத்தில் ஒருவன் பெயரை ஒரு பட்டியலிலிருந்து எடுப்பதற்கு இரண்டே காரணம்தான் உண்டு. ரேஷன் கார்டைப் பார். பெண் கல்யாணமாகிப் போனால் எடுப்பார்கள். ஆள் கட்டையில் போனால் எடுப்பார்கள். உயிரோடு இருக்கிற மாப்பிள்ளை பெயரை மாமன் கையாலேயே எடுத்தால், நாளைக்கு அவன் வீட்டார் ஊர் நடுவில் நின்று என்ன கேட்பார்கள்? நூற்றியொரு தட்டு சீர் வைத்து அழைத்தவன் நான். அதோடு “ஏகநாதன், வினோத்குமாரை நீக்கினார்” என்று பத்துப் பேருக்கும் மணி அடிக்குமாம். உன் அம்மாவுக்கும் அடிக்கும். பத்து ஒன்பதாகிவிட்டால் தங்க அட்டை போய்விடும். அட்டை போனால் அத்தைக்கு ஐஸ் பெட்டியில் இன்சுலின் வராது.

அதனால் இதைவிடப் பெரிய வேலை ஒன்று செய்திருக்கிறேன். கேள்.

அவன் கூடையைப் பார்த்துத்தானே அலைகிறான்? அலையட்டும். செவ்வாய்க்கிழமை உன் பெயரில் முடிச்சூருக்கு அரைக் கிலோ மைசூர்பாகு அனுப்பினேன். வியாழக்கிழமை அஸ்தினாபுரத்துக்கு ஒரு நைட்டி. வெள்ளிக்கிழமை ஊரப்பாக்கத்துக்கு மீண்டும் மீன் குழம்பு. ஒவ்வொன்றிலும், “வினிதாவுக்கு, மாமா அன்புடன்” என்று தமிழில் தட்டினேன்.

முடிச்சூர் விலாசம் யாருடையது தெரியுமா? என் கூட்டாளி தோத்தாத்ரியின் சிமெண்ட் குடோன். புதன்கிழமை மத்தியானம் வினோத்குமார் அங்கே போய் நின்றிருக்கிறான்.

“வினிதா கீதா?” என்றானாம்.

“வினிதாவா? ஐம்பது கிலோ மூட்டைதான் கீது. எத்தினி வேணும்?” என்றானாம் தோத்தாத்ரி. வாயில் மைசூர்பாகு.

குடோனே சிரித்ததாம். நாற்பது லோடுமேன்கள் கைதட்டினார்களாம். (தோத்தாத்ரி நாலு பேர் என்றான். சிரிப்பைக் கேட்டால் நாற்பது பேர் இருக்கும்.) போலீஸில் இருக்க வேண்டியவன்டா நீ என்றான் என்னை. அடுத்த வாரம் வினோத்குமாரைக் கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என்று செங்கல்பட்டு வரைக்கும் நடக்கவிடுகிறேன். காஞ்சிபுரம் வரை திட்டம் போட்டிருக்கிறேன்.

நீ நிம்மதியாகத் தூங்கு. உன் மாமன் மூளை இருக்கிறது.

ஏகநாதன்

*

ரத்தினபாய் தையல் கடை
19 மார்ச் 2025

மாமா,

உடனே நிறுத்துங்கள்.

சிமெண்ட் குடோன் சரி. அஸ்தினாபுரத்தில் அந்த வாசலில் யார் இருக்கிறார்கள்? ஊரப்பாக்கத்தில் யார்? அவரை ஒரு கதவுக்கு அனுப்பினால், கதவுக்கு உள்ளே இருக்கிறவரிடம் கேட்டீர்களா? அங்கே நான் இல்லை என்று தெரிந்தால் அவர் திரும்பிப் போய்விடுகிற ஆள் இல்லை. ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

சீர்த் தட்டு இருபத்தொன்று. நான்தான் எண்ணினேன்.

பட்டியலிலிருந்து பெயரை எடுக்க இரண்டு காரணம்தான் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். என்னை வைத்துப் பூட்டியது மூன்றாவது காரணம். அதற்கு உங்கள் ரேஷன் கார்டில் இடம் இல்லை என்றால் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்காக யாரையும் அலையவிட வேண்டாம். பெயரை எடுங்கள், போதும்.

வினிதா

*

சிட்லபாக்கம்
24 மார்ச் 2025

வினிதா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது நடந்துவிட்டது.

ஊரப்பாக்கத்தில் நமக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது. அதில் மிருதுளா டீச்சர் குடியிருக்கிறது. புருஷன் துபாயில். இரண்டாவது படிக்கிற பெண் குழந்தை ஒன்று. வீட்டுக்காரர் குழம்பு அனுப்பியிருக்கிறார் என்று சந்தோஷமாகச் சாப்பிட்டிருக்கிறது. நேற்று காலை அவன் போய், “வினிதாவ வெளிய அனுப்பு” என்றிருக்கிறான். அப்படி யாரும் இல்லை என்று அது கதவைச் சாத்தியிருக்கிறது. அவன் கேட்டைவிட்டு நகரவில்லை. குழந்தை ஜன்னல் பக்கம் வந்தால், “பாப்பா, உள்ள வேற ஒரு அக்கா கீதா?” என்று கேட்டிருக்கிறான். பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை. டீச்சர் எனக்குப் போன் போட்டு அழுதது.

நான் போய் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி என்று எழுதத்தான் கை வருகிறது. அப்படி நடக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவன், “வாங்க மாமா, வெயில்ல வந்துகினு கீறீங்களே” என்று எதிர்க்கடையில் இளநீர் வாங்கிக் கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன். கையில் இளநீரை வைத்துக்கொண்டு எப்படித் திட்டுவது?

அவன் தன் போனை எடுத்து என்னிடம் காட்டினான். “நீங்க இன்னா மாமா, என்னிய முடிச்சூருக்கு அனுப்புறீங்க. உங்க கூடையில இன்னாதான் இல்ல, பாருங்க” என்றான். பார்த்தேன். நான் எந்தக் கிழமை எந்த வீட்டில் வாடகை வாங்கப் போனேன் என்று இருந்தது. உன் அத்தைக்கு இன்சுலின் எத்தனை யூனிட் ஏறியிருக்கிறது என்று இருந்தது. உன் அம்மா முட்டிவலிக்கு எங்கே போகிறாள் என்று இருந்தது. பிறகு குரலை இறக்கி, “பிப்ரவரி பத்தாந்தேதி ஹார்ட்டு டெஸ்ட் எட்தீங்களாமே. அத்தைக்குத் தெரியுமா மாமா?” என்று கேட்டான்.

யாருக்கும் தெரியாது, கண்ணு. நெஞ்சில் ஒரு பிடிப்பு இருந்தது. ஜல்லி டெண்டருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் குரோம்பேட்டையில் போய் டெஸ்ட் எடுத்தேன். பணத்தை ஆப்பில் கட்டினேன், அந்த மணியை அவனைத் தவிர யாரும் திறந்து பார்க்கவில்லை. ஊரெல்லாம் இரும்பு மனுஷன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேனே, பயந்துபோய்ப் படுத்து எழுந்ததை யாரிடம் சொல்வது? எனக்கே நான் இரண்டாம் முறை சொல்லிக்கொள்ளாதது அவன் கையில் இருக்கிறது. அத்தையிடம் சொல்லிவிடுவேன் என்று அவன் சொல்லவில்லை. கேட்டான், அவ்வளவுதான். உன்னிடம் மீன் நல்லா இருந்ததா என்று கேட்டானே, அந்த மாதிரி.

அவன் போன பிறகு டீச்சர் வாசலில் நின்று கைகூப்பினேன். அது கதவைத் திறக்கவில்லை. நான் மட்டும் யாராம் அதற்கு? அவனை அங்கே அனுப்பியவன் நான்தானே.

வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்தேன். அவன் பெயரில் விரலை வைத்தால் நீக்கவா என்று கேட்கிறது. ஆமாம் என்றால் நிச்சயமா என்கிறது. அப்படியும் விரல் நின்றது. உன் அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இன்னாத்துக்கு வெரல தூக்கினு குந்திகினு கீறே?” என்றாள். பத்து நாளில் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

“மாப்பிள்ள பேரும்மா.”

“அவன் பேருதான் பேரா? அவ பேரு இன்னா ஆவுறது?” என்று என் விரலைப் பிடித்து அவளே அமுக்கினாள்.

பத்துப் பேருக்கும் மணி அடித்தது. ஐந்தாவது நிமிடம் உன் அம்மா போன் போட்டு என்னைத் திட்டினாள். நவம்பர் மாதத்தைச் சொன்னேன். போனை வைத்துவிட்டாள். திரும்ப அவளே போட்டு அழுதாள்.

பெயர் போன பிறகும் பழைய படங்கள் அவன் போனில் இருக்குமா என்று கேட்கக் கம்பெனிக்குப் போட்டேன். பெங்களூர் மேனேஜர் என்று உனக்கு எழுதியிருந்தேனே, அப்படி யாரும் எனக்குப் போன் போட்டதில்லை. பதிவு செய்த ஒரு பெண் குரல்தான் உண்டு. ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று அரை மணி நேரம் சுற்றியது. கடைசியில் கணக்கை முழுதாக மூடினால்தான் மற்றவர்களுக்குத் தெரியாமல் போகும் என்றும், கம்பெனியிடம் மட்டும் அது சில வருஷம் இருக்கும் என்றும் சொன்னது. மூடிவிட்டேன்.

டெஸ்ட் எடுத்ததை அத்தையிடம் நானே சொன்னேன். அவன் சொல்வதற்கு முன்னால்.

மாமா

*

ரத்தினபாய் தையல் கடை
2 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கிறிஸ்டிக்கும் படித்துக் காட்டினேன். அத்தை விரலைப் பிடித்து அமுக்கிய இடத்தில் அவள் கைதட்டினாள்.

வினோத்குமார் மேல் வழக்குப் போட்டிருக்கிறேன். மிருதுளா டீச்சரின் நம்பரை என் வக்கீல் மூலமாக வாங்கிப் பேசினேன். நடந்ததைக் கோர்ட்டில் சொல்ல அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். உங்கள் மேல் கோபம்தான், ஆனால் வீட்டை மாற்றவில்லை. கேட்டுக்கு உள்பக்கம் ஒரு பூட்டு போட்டுக் கொடுங்கள். சாவி அவரிடம் இருக்கட்டும்.

டெஸ்ட்டில் என்ன சொன்னார்கள்? அதை எழுதவே இல்லை. அத்தையின் இன்சுலினுக்கு என்ன செய்கிறீர்கள்?

உங்களைக் கணக்கை மூட வைத்துவிட்டு நான் மட்டும் நல்லவள் போல் இருக்கக்கூடாது, அதனால் சொல்கிறேன். நானும் முழுக்கூடையில்தான் இருக்கிறேன். இப்போது நான் இருக்கிற குடியிருப்பில் தண்ணீர் லாரிக்குச் சொல்வதும், கேட் திறப்பதும், ஆபீஸ் கேப் வருவதும் எல்லாம் அதில்தான். அது இல்லாமல் ஒரு வாரம் இருந்து பார்த்தேன். இரண்டு நாள் தண்ணீர் கிடைக்கவில்லை, ஒருநாள் வாட்ச்மேன் என்னையே உள்ளே விடவில்லை. அதனால் புது எண்ணில், கிறிஸ்டி வீட்டுப் பெயரில், திரும்பவும் சேர்ந்தேன். நான் எங்கே இருக்கிறேன் என்று அந்தக் கம்பெனிக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. இப்போதைக்கு எனக்கு அது போதும். “உங்கள் குடும்பத்தைச் சேருங்கள்” என்று தினமும் காலையில் கேட்கிறது. பிறகு என்று அழுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன்.

மாமா, நீங்கள் கூடையில் இல்லை என்பதால் இனி உங்கள் புள்ளி யாருக்கும் தெரியாது. நீங்கள் வரலாம். அடுத்த கடிதத்தில் என் முகவரியை எழுதட்டுமா? அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பார்த்து மூன்று மாதம் ஆகிறது.

வினிதா

*

சிட்லபாக்கம்
8 ஏப்ரல் 2025

அன்புள்ள வினிதாவுக்கு,

பூட்டு போட்டுக் கொடுத்துவிட்டேன். நான் வாசலில் நின்றேன், ஆசாரி மட்டும் உள்ளே போனார்.

டெஸ்ட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மாத்திரை, தினமும் நடை. நடைக்குக் குறைவே இல்லை. கரண்ட் ஆபீஸ், கேஸ் ஏஜென்சி, பதினோரு வீடு என்று எல்லாவற்றுக்கும் இப்போது கால்தான். இன்சுலினுக்கு ஒரு நாள் தாமதமாகிவிட்டது. அத்தைக்குச் சர்க்கரை ஏறி இரண்டு நாள் படுத்திருந்தாள். குரோம்பேட்டை மருந்துக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டு நானே வாங்கி வருகிறேன். இப்போது எழுந்து நடக்கிறாள். உன்னிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டேன். அதைப் பற்றித்தான் எழுத வருகிறேன்.

முகவரி எழுதட்டுமா என்று கேட்டாய். எழுதாதே, கண்ணு.

சனிக்கிழமை மத்தியானம் அவன் என் ஜல்லிக் கடைக்கு வந்தான். சண்டைக்கு வரவில்லை. எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “மாமா, பேர எடுத்துட்டீங்க, பர்வால்ல. நீங்க பெரிய மனுஷன். சிட்லபாக்கத்துல உங்க பேச்சுக்கு ஒரு மரியாத கீது. நீங்க ஒரு வார்த்த சொன்னா அவ கேப்பா” என்றான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெரிய மனுஷன் என்றதும் எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. உன்னை வைத்துப் பூட்டியவன் சொல்லியும் குளிர்ந்தது. “எனக்குத் தெரியாம அவ ஒரு அடி எடுத்து வெப்பாளா?” என்று ஆரம்பித்துவிட்டேன். அவன் முன்னால் சாய்ந்தான். அடுத்து என் நாக்கில் வந்து நின்றது கேம்ப் ரோட்டுத் தையல் கடை. சத்தியமாக நின்றது. நான் அதைச் சொல்ல நினைக்கவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லத்தான் நினைத்தேன்.

சாப்பாடு கொண்டுவந்திருந்த உன் அத்தை என் பின்னால் நின்றிருக்கிறாள். தூக்குச்சட்டியை மேசை மேல் ஓங்கி வைத்தாள். அந்தச் சத்தத்தில் வாய் மூடியது. “ஜல்லி வேணும்னா சொல்லுப்பா, இல்லாங்காட்டி கெளம்பு” என்று அவனை எழுப்பிவிட்டாள்.

அவன் போன பிறகு என்னைப் பார்த்து, “ஆப்ப மூடிட்டே. இந்த வாய எப்ப மூடப் போறே?” என்றாள்.

அறுபத்திரண்டு வயதில் அது மூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால் மூட வேண்டியதை நீ மூடு. ரத்தினபாய் கடைக்கு இந்தக் கடிதம்தான் கடைசி. இதை வாங்கியதும் அந்தக் கடைப் பக்கம் போகாதே. கேம்ப் ரோட்டுப் பக்கத்தில் குடியிருந்தால் வேறு இடம் பார், எந்த இடம் என்று எனக்குச் சொல்லாதே. உன் அம்மாவுக்கும் சொல்லாதே, அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் இருந்ததில்லை. நீ எழுது. உறையின் பின்னால் அனுப்புநர் இடத்தைக் காலியாக விடு. ஒவ்வொரு முறையும் வேறு தபால் பெட்டியில் போடு. நான் பதில் போட முடியாது. என்னிடம் சொல்வதற்கு நிறைய இருக்கும், அத்தை கேட்டுக்கொள்வாள் என்று சொல்லியிருக்கிறாள். உன் அம்மாவை அழைத்துக்கொண்டு கோர்ட்டு நாளன்று வருகிறேன். அன்று வக்கீல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

அவன் இன்னொரு முறை வருவான். இன்னும் மரியாதையாகக் கேட்பான். தெரியாது என்று சொல்வேன். அது பொய்யாக இருக்கக்கூடாது, அதுதான் என் பயம். பொய் என்றால் நான் நீட்டுவேன். நீட்டிக்கொண்டே போனால் நடுவில் எங்கேயோ ஓர் உண்மை நழுவி விழுந்துவிடும்.

எனக்கு நிஜமாகவே தெரியாமல் இருக்கட்டும்.

மாமா